மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் பிரியாணி உண்டு

யாங்கோன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஊறுகாய் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். கருவாட்டை முகராமலே நகர்த்திவிட்டார். அடுத்தது அப்பளக் கட்டு. அதைச் சுற்றியிருந்த தாளில் பேச்சுரிமை, வாக்குரிமை, அதிபரைப் பதவியிலிருந்து நீக்கும் முறை என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. ராணுவம் ஆளுகிற நாட்டுக்குள் இப்படி ஒரு தாளை எடுத்துப்போக, அப்பளத்தின் மேல் சுற்றுவதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி தாளைப் பார்க்கவே இல்லை. இதை எண்ணெயில் பொரிப்பதா, நெருப்பில் சுடுவதா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டும் செய்யலாம் என்றேன். சுடுவது உடம்புக்கு நல்லது என்று அவரே முடிவு சொல்லி, கட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். அமெரிக்க அரசியல் சட்டம் பெருங்காய வாசனையோடு பர்மாவுக்குள் நுழைந்தது.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியார். என் பெரியம்மா மகள் சுலைகா லாத்தாதான் என்னை வரச்சொன்னவர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். என் உம்மா அறுபதுகளில் கப்பலேறி ஊருக்கு வந்துவிட்டார். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். லாத்தாவை நான் அதுவரை புகைப்படத்திலும் போனிலும் மட்டுமே அறிவேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் நஸீமா அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி, தாயை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டையும் லாத்தா இன்னும் தூக்கியதில்லை. தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதில் அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்களாம்.

"நீ அந்தப் பாடம்தானே நடத்துறே? ஒரு வாரம் வந்து எனக்கும் நடத்திட்டுப் போ" என்று போனில் சொன்னார். நான் நடத்துவது கிராமப் பஞ்சாயத்தும் மாவட்ட ஆட்சியரும். அதைச் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

விமான நிலையத்திலிருந்து தாமுவேயில் இருக்கும் லாத்தா வீட்டுக்கு டாக்சி பிடித்தேன். அங்கே வண்டிகளுக்கு ஸ்டீயரிங் வலது பக்கம். ஓடுவதும் சாலையின் வலது பக்கம். அதனால் முன்னால் போகிற லாரியை முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன் இருக்கையில் உட்கார்ந்த குற்றத்துக்காக அந்த வேலை எனக்கு வந்தது. பர்மிய மொழியில் "பஸ் வருகிறது" என்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாததால் "யா அல்லாஹ்" என்றேன். டிரைவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

லாத்தா வாசலில் நின்றார். லுங்கியும் முழுக்கைச் சட்டையும், தலையில் முக்காடு, கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூச்சு. ஸலாம் சொல்லி முடித்ததும் என் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். ஆட்காட்டி விரலில் நகத்தின் மேல் கருப்பாக ஒரு கோடு.

"என்னப்பா இது, கதவுல நசுக்கிக்கிட்டியா?"

"இல்ல லாத்தா. ஓட்டுப் போட்ட மை. தேர்தல் முடிஞ்ச கையோட வர்றேன்."

லாத்தா சட்டென்று தெருவைப் பார்த்தார். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்தும் பார்த்தார். "அழியாதா?" என்று கேட்டார். நகம் வளர்ந்து போனால்தான் போகும் என்றேன்.

காதில் இன்னும் ஒலிபெருக்கி இரைச்சல் அடங்காமல் வந்திருந்தவன் நான். எங்கள் ஊரில் அந்த ஒரு மாதம் ஓட்டு என்ற சொல்லைவிடச் சத்தமான சொல் கிடையாது. ஆட்டோவில் கட்டி விடியற்காலையில் கத்துவார்கள். இங்கே அதே சொல்லை நான் வாசலில் சொன்னதற்கு லாத்தா கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், மேலே வாழைத்தண்டும் பொரித்த பருப்பும். முதல் வாய்க்கு நம் ஊர் மீன் குழம்பில் யாரோ இடியாப்பத்தைத் தவறவிட்டதுபோல இருந்தது. இரண்டாவது கிண்ணம் நானாகவே கேட்டேன். சாப்பிட்டுவிட்டு பபேடான் கடைத்தெருவுக்குப் போனோம். லாத்தாவின் கணவர் அங்கே குடைக்கடை வைத்திருந்தார். இப்போது கடை வேறு ஒருவர் கையில். பக்கத்துக் கடைக்காரர் கோ சலீம் மட்டும் மாறவில்லை. கோ என்றால் அங்கே அண்ணன். சுவர்க் கடிகாரம் விற்கிறார். தெருவின் விசா நிபுணரும் அவர்தான். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

அவரையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். அங்கே குழந்தைகள் உட்காரும் உயரத்தில் முக்காலிகள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். பால் டீக்குக் காசு, பிளாஸ்க்கில் இருக்கும் வெறும் டீ எவ்வளவு குடித்தாலும் இலவசம். சர்வரைக் கூப்பிட அங்கே யாரும் பெயர் சொல்வதில்லை, கை தட்டுவதில்லை. உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் எழுப்புகிறார்கள். முக்காடு போட்ட என் லாத்தா, அறுபது வயதுக்காரர், சர்வரைப் பார்த்து அப்படி ஒரு சத்தம் கொடுத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் இதைச் செய்தால் செருப்படி விழும்.

ஊரில் அவசரமாகச் சுற்றி எடுத்துவந்த அப்பளத் தாளை அங்கேதான் பிரித்து முழுசாகப் படித்தேன். படித்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "லாத்தா, இதெல்லாம் விசாவுக்குக் கேக்குறது இல்ல. அங்க போயி அஞ்சு வருஷம் இருந்த பிறகு, குடிமகளா ஆகுறதுக்குக் கேக்குறது. தலைப்புலயே போட்டிருக்கு."

கோ சலீம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாத்தியாரை அங்கே சயா என்பார்கள். "சயா, நீங்க படிச்சவங்க. ஆனா தாள்ல எழுதுறது ஒண்ணு, ஜன்னல்ல கேக்குறது ஒண்ணு. இந்த ஊர்ல எந்த ஆபீசுல எழுதியிருக்கிறபடி நடந்திருக்கு? எழுதல, அதனால கண்டிப்பா கேப்பான்."

"அது அமெரிக்கா ஆபீசு."

"இருக்கிற தெரு இந்த ஊர்த் தெருதானே?"

லாத்தா இரண்டு பேரையும் கையமர்த்தினார். "அஞ்சு வருஷம் கழிச்சுக் கேக்குறத இப்பவே படிச்சா என்ன, பல்லா கொட்டிரும்? நடத்து."

நான் குரலைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் நடத்துவதுபோல் "பிரசிடெண்ட்" என்றேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. "காங்கிரஸ்" என்றேன். அந்த மேசையே எழுந்து போனது. "கவர்ன்மெண்ட்" என்று நான் வாயெடுப்பதற்குள் லாத்தா என் வாயில் பலாத்தாவைத் திணித்தார். நம் ஊர்ப் பரோட்டாவின் தம்பி அது. சர்க்கரை தொட்டுச் சாப்பிட வேண்டும்.

"வேவு பாக்குற ஆளுங்க எங்க உக்காந்திருப்பாங்கன்னு தெரியாது" என்றார் தாழ்ந்த குரலில். "இந்த வார்த்தையெல்லாம் எந்த பாஷையில சொன்னாலும் எல்லாருக்கும் புரியும். தமிழ்ல சொல்லு. அதையும் வேற மாதிரி சொல்லு."

வேறு மாதிரியும் அவரே கண்டுபிடித்தார். பபேடானில் எத்தனையோ கல்யாணங்களை முன்நின்று நடத்தியவர். அதிபர் என்பவர் மாப்பிள்ளை. துணை அதிபர் மாப்பிள்ளைத் தோழன்: மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகும்வரை அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்பதைத் தவிர வேலை இல்லை. சட்டம் செய்யும் இரண்டு சபைகளும் இரண்டு வீட்டார். பெண் வீட்டார் கூட்டம் அதிகம், சத்தம் அதிகம். அது கீழவை. மாப்பிள்ளை வீட்டார் ஆள் குறைவு, பந்தா அதிகம். அது மேலவை. உச்ச நீதிமன்றம் ஜமாஅத் பெரியவர்கள். "உக்காந்தா மவுத்தாகுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க, சரிதானே?" சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். அரசியல் சட்டம் நிக்காஹ் எழுத்து. திருத்தங்கள், எழுதி முடித்த பிறகு "அடடா, இதைச் சொல்ல மறந்துட்டோமே" என்று சேர்ப்பவை.

இரண்டு சபைகளும் நிறைவேற்றியதை அதிபர் தடுக்கலாம் என்று விளக்கினேன்.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிறாரு" என்றார் லாத்தா.

"ஆமா. ஆனா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஆளு மறுபடி சொல்லிட்டா, அவர் தடுத்தது செல்லாது."

லாத்தா முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் முடிவு பண்ணிட்டா, மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாலும் பிரியாணி உண்டு!" கோ சலீம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

முதல் அதிபரின் பெயர் மட்டும் அவருக்கு நிற்கவே இல்லை. ஒரு டாலர் நோட்டில் இருப்பவர் என்றதும் பிடித்துக்கொண்டார். யாங்கோனில் டாலர் நோட்டில் ஒரு மடிப்பு விழுந்தாலும் வாங்க மாட்டார்கள். அதனால் ஊரே அந்த முகங்களைச் சுருக்கம் இல்லாமல் பாதுகாக்கிறது. தலைநகரம் எது என்ற கேள்விக்கு வாஷிங்டன் என்று உடனே சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னும் அங்கதானே இருக்கு?" என்று சந்தேகம் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பர்மாவின் தலைநகரத்தை ராணுவத்தார் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் லாரிகளில் ஏற்றிக் காட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். லாத்தாவின் இளவயதில் ஒருநாள் தூங்கி எழுந்தால் இடது பக்கம் ஓடிய வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடியதாம். யார் சட்டம் போட்டது, எந்தச் சபை கூடியது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்தது. ஓட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. லாத்தா இரண்டு கோப்பை வெறும் டீ குடிக்கும்வரை யோசித்தார்.

"சம்மதம்" என்றார் கடைசியில். "நிக்காஹ்ல பொண்ணுகிட்ட வந்து கேப்பாங்கள்ல, அது. என்கிட்ட கேட்டப்ப நான் வாயே திறக்கல. வெக்கம். சும்மா இருந்ததையே சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க." டீயை ஊதினார். "இங்க சர்க்காரும் அப்படித்தான் எழுதிக்கிது."

லாத்தா பிறந்தது யாங்கோனில். அவருடைய உம்மா பிறந்ததும் யாங்கோனில். ஆனால் அவர் கையில் இருந்தது வெளிநாட்டவர் என்று சொல்லும் அட்டை. எந்த வெளிநாடு என்று அதற்கும் தெரியாது. தொண்ணூறில் தேர்தல் நடந்தபோது தெருவே வரிசையில் நின்றதாம். ஓட்டில்லாத லாத்தா மாடி ஜன்னலில் நின்று பார்த்தாராம். ஜெயித்தவர்களை ஆளவிடவில்லை. "வரிசையில நின்னவங்களுக்கும் ஜன்னல்ல நின்ன எனக்கும் கடைசியில ஒண்ணுதான் கிடைச்சுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகத்து மையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் யாங்கோனுக்கு வெளியே ஆற்றங்கரை ஊரான கியாக்தானுக்குப் பஸ் ஏறினோம். லாத்தாவின் பள்ளித் தோழி ஒருவர் அங்கே மீன் கடை வைத்திருக்கிறார். விசா கிடைத்தால் போவது ஒருவழிப் பயணம்தான், திரும்பி வர அவருடைய வெளிநாட்டவர் அட்டையில் இடமில்லை. அதனால் முன்கூட்டியே சொல்லிக்கொள்ளப் போனோம். ஜப்பான்காரன் கழித்துக்கட்டிய பஸ். நம் ஊர் போல இடது பக்கம் ஓட வேண்டிய வண்டி என்பதால் அதன் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறந்தது. இறங்குகிறவர்கள் எதிரே வரும் லாரியைக் கும்பிட்டு நிறுத்திவிட்டு இறங்கினார்கள்.

எஞ்சின் சத்தத்தின் தைரியத்தில் லாத்தா பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டி வயல்வெளியில் எஞ்சின் புகைந்து நின்றுவிட்டது. கண்டக்டர் வாளியோடு வாய்க்காலுக்கு ஓடினார். பஸ்ஸுக்குள் திடீர் அமைதி. லாத்தா மட்டும் நிற்கவில்லை.

"மாப்பிள்ளைய நாலு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தலாம். அதே ஆளு நல்லவரா இருந்தா இன்னொரு நாலு வருஷம் வச்சுக்கலாம். அதுக்கு மேல அவரு அழுது புரண்டாலும் வீட்டுக்கு அனுப்பிரணும்."

பின் இருக்கையில் ஒருவர் கனைத்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, மடியில் தோல் பை. பார்த்தால் ஏதோ அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருப்பவர் போலத் தெரிந்தார். "ஏம்மா," என்றார் நல்ல தமிழில், "இது எந்த ஊரு வழக்கம்?"

அவர் யார், என்ன வேலை, எவ்வளவு நேரமாகக் கேட்கிறார், ஒன்றும் தெரியாது. லாத்தாவுக்கு நேர்காணல் இரண்டு நாளில். அதற்குள் யாராவது கூட்டிப்போய் விசாரித்தால் மகளும் இல்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை. மருமகன்களைப் பற்றிய கதை ஒன்றை அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். லாத்தா திரும்பி அந்த மனிதரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"அமெரிக்கா வழக்கம்" என்றார்.

வெளியே கண்டக்டர் எஞ்சினில் தண்ணீர் ஊற்ற, அது சீறியது. வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தார். பிறகு எங்கள் இருக்கையின் முதுகில் கையை ஊன்றி முன்னால் குனிந்தார்.

"நல்ல வழக்கமாத்தான் இருக்கு" என்றார். "நம்ம வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, வந்து எவ்வளவோ வருஷமாச்சு. பொண்ணைக் கேட்டுக்கிட்டும் வரல. போகவும் மாட்டேங்கிறாரு. சாப்பாட்டுச் செலவு வேற தாங்கல."

"கோவம் வருமோ?" என்றார் லாத்தா.

"கோவம்தானே அவருக்குத் தொழில்."

பஸ் கிளம்பியது. அவர் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து, எங்களிடம் தலையை லேசாக அசைத்துவிட்டு, நடுரோட்டில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு சீராகக் கியாக்தான் வரவேண்டியிருந்தது. அங்கே ஆற்று நடுவில் தீவில் ஒரு பகோடா. அதைச் சுற்றி ஆள் உயரக் கெளுத்தி மீன்கள். ஜனங்கள் பொரி வாங்கிப் போட, அவை வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. மீன் கடைத் தோழியும் லாத்தாவும் பர்மிய மொழியில் பேசி, சிரித்து, பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அழுதார்கள். எதற்கு என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

நாங்கள் யாங்கோன் திரும்புவதற்குள் பபேடானில் சுலைகா லாத்தா வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. டீக்கடையில் எங்களைக் கவனித்தவர்களின் வேலை. ஒரு பெண்மணி தன் தம்பிக்காகத் தூதே வந்துவிட்டார். நல்ல குணம், சொந்த வீடு, சர்க்கரை மட்டும் கொஞ்சம். லாத்தா கேட்டது ஒரே கேள்வி: "நாலு வருஷத்துல திரும்பிப் போவாரா?" அந்த அம்மாள் பயந்துபோய் எழுந்து போனார்.

நேர்காணல் அன்று லாத்தா தனாக்கா பூசவில்லை. பவுடர் போட்டிருந்தார். தூதரகத்துக்குள் என்னை விடமாட்டார்கள் என்பதால் டீக்கடையிலேயே காத்திருந்தேன். கோ சலீம் விற்க எடுத்த கடிகாரத்தை அக்குளில் இடுக்கியபடி வந்து உட்கார்ந்தார். அந்த லாத்தா எனக்கு ஒரு வாரத்துப் பழக்கம்தான். ஆனால் அவருக்கு விசா மறுத்துவிட்டால் எப்படி ஊருக்குப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

லாத்தா டாக்சியை விட்டு இறங்கிய முகத்தைப் பார்த்ததும் கோ சலீம் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டார். அப்படி ஒரு கடுகடுப்பு. முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே கேக்கல!"

"லாத்தா, விசா?"

"மக பேரு என்ன, மருமகன் என்ன வேலை, அவங்க வீட்டுல எத்தனை ரூம்பு, இதைக் கேக்குறா. இதுக்கா நான் ராத்திரியெல்லாம் ஒப்பிச்சேன்?"

"விசா, லாத்தா!"

"அது குடுத்துட்டா" என்றார் எரிச்சலாக. "அதுக்கென்ன."

கோ சலீம் எழுந்து நின்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை டீயின் ஆவி மேல் போட்டேன். லாத்தாவுக்கு ஆறவே இல்லை. அந்த அதிகாரி நஸீமா வயதுப் பெண்ணாம். "முடிந்தது, போகலாம்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகும் லாத்தா ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் படித்து வந்திருக்கிறேன், ஒன்றாவது கேள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, சரி, குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஓர் உரிமை எது என்று கேட்டாளாம்.

"தெரியுமே! வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா பின்னாடி பெஞ்சியில இந்த ஊரு ஜனம் அத்தனை பேரு உக்காந்திருக்கு. வாசல்ல காவக்காரன். குரலே வரல தம்பி. முணுமுணுத்தேன். அவ காதைக் கண்ணாடிகிட்ட வச்சு, கேக்கலை, சத்தமா சொல்லுங்கங்கிறா. நிக்காஹ் அன்னிக்கி நின்ன மாதிரியே நிக்கிறேன்."

"அப்புறம்?"

"சொன்னேன். கட்டடமே கேக்குற மாதிரி சொன்னேன். பெஞ்சியில எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு கை தட்டுனா."

"எப்படிச் சொன்னீங்க? எனக்கும் ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க லாத்தா."

லாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். பக்கத்து மேசையைப் பார்த்தார். அதற்கடுத்த மேசையையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் கையை விட்டு, என் இடது கையைத் தேடிப் பிடித்து, நகத்து மையின் மேல் தன் விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"இதைத்தான். சத்தமா" என்றார்.

அப்புறம் உதட்டைக் குவித்து, கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு முத்தச் சத்தம் எழுப்பி, மூன்று பலாத்தா கொண்டுவரச் சொன்னார்.